கிணற்றடிக் கல்லுக்கு மூன்று வரி

சாமி,

அம்மா எழுதுகிறேன். நீ போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. நடமாட்டமாக இருக்கிறேன். அதற்கு மேல் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அதை விட்டுவிடுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் நான். எழுத்து கோணலாகத்தான் இருக்கும். லாரி ஓடும்போது படிக்காதே. எங்காவது வண்டியை நிறுத்தி, சோறு தின்று கை கழுவிவிட்டு நிதானமாகப் படி.

ஆந்திராவில் வேலை முடிந்து, நீ போர் போடுகிற ரிக் வண்டி திருச்செங்கோட்டுக்குத் திரும்பும்போது, முதலாளியிடம் கேட்டு வண்டியை நம் தெருவுக்குக் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தாய். மூடப்போகிற கிணற்றை ஒட்டியே போர் போட்டு, கைபம்பு வைத்து, அப்பா பேரும் தம்பி பேரும் போட்டு ஒரு கல் நடப்போவதாகச் சொல்லியிருந்தாய். கல்லில் மூன்று வரிதான் கொள்ளும் என்று கல் கொத்துகிறவர் சொன்னாராம். கிணற்றை யார் வெட்டினது, தெரு எப்படி உண்டானது, கம்பம் விடுகிற உரிமை நம் வீட்டுக்கு எப்படி வந்தது, இதையெல்லாம் எழுதி அனுப்பு என்று கேட்டிருந்தாய். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். எனக்குத் தெரிந்தது எல்லாமே சொல்கிறேன். ஆனால் அந்த இடத்தில் நீ துளை போடக் கூடாது. கடைசி வரைக்கும் படிக்க உனக்குப் பொறுமை இருக்கிறதோ இல்லையோ, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிணற்றை வெட்டினவர் பேர் ஒருத்தருக்கும் தெரியாது. தர்மகர்த்தா அண்ணனைக் கேட்டால் தன் தாத்தா என்பார். வெல்ல மண்டிக்காரர்களைக் கேட்டால் தங்கள் பாட்டன் என்பார்கள். கல்யாணமான புதிதில் உங்கப்பாவிடம் ஒருநாள் கேட்டேன். "அவிங்க பாட்டன் கடப்பாரையத் தொட்டிருப்பானா புள்ள? காசக் குடுத்திருப்பான். வெட்டுனவன் கூலிய வாங்கிட்டு அடுத்த ஊரப் பாக்கப் போயிருப்பான்" என்றார். அதுதான் உண்மையாக இருக்கும். மாட்டுக்காக வெட்டின கிணறு என்பது மட்டும் நிச்சயம். வெல்லமும் கடலைக்காயும் ஏற்றிக்கொண்டு மேற்கேயிருந்து வருகிற வண்டிக்காரர்கள் அப்போது இங்கேதான் மாட்டை அவிழ்த்துப் போடுவார்களாம். மாடு தண்ணி குடிக்கத்தான் அந்தக் கல்தொட்டி. நீயும் சின்னவனும் அதில் உட்கார்ந்து குளிக்காத நாள் கிடையாது. நம் தெரு நடுவில் மட்டும் வயிறு புடைத்தாற்போல அகலமாக இருக்கிறதே, அது வண்டி திருப்பின இடம். பிறகு மண்டிக்கு மூட்டை தூக்க ஆள் வேண்டியிருந்தது. நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கம் மழை இல்லாமல் காட்டைப் போட்டுவிட்டு வந்தவர்கள் தொட்டியைச் சுற்றிக் குடிசை போட்டார்கள். குடிசை ஓட்டு வீடானது. வண்டி போய் லாரி வந்தது. மாடு போய்விட்டது, மனுஷர்கள் நின்றுவிட்டோம். மாட்டுக்கு வெட்டின தண்ணியைக் குடித்து வளர்ந்த தெரு என்று கல்லில் எழுதினால் தர்மகர்த்தா ஒத்துக்கொள்ள மாட்டார்.

நம் வீட்டு உரிமையைப் பற்றிக் கேட்டாய். அது உரிமையே இல்லை சாமி. ஒருநாள் ஒருத்தர் குதித்தார், அவ்வளவுதான். ஆடியில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டி, கோயில் முன்னால் மூன்று கிளை உள்ள மரத்தைக் கம்பமாக நட்டு, பெண்டுகள் எல்லாரும் விடியக்கருக்கலில் மஞ்சத்தண்ணி ஊற்றி, கடைசி நாளில் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவது உனக்குத் தெரிந்ததுதான். உன் அப்பாவின் தாத்தா காலத்தில் ஒரு வருஷம் கம்பம் முழுகாமல் மிதந்ததாம். ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று ஊரே அழுததாம். அவர் மட்டும் அழாமல் கிணற்றில் குதித்து, கம்பத்தைக் காலால் அமுக்கிப் பிடித்து, அது தண்ணி குடித்துக் கீழே போகிற வரைக்கும் அதன் மேல் நின்றாராம். அன்றைக்கு இருந்த பெரியவர்கள், கம்பம் விடுகிறதும், அடுத்த பூச்சாட்டுக்கு முன்னால் இறங்கித் தூர் எடுக்கிறதும் இந்த வீட்டோடது என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் உன் அப்பாவின் அப்பா. அதற்கப்புறம் உன் அப்பா. மூட்டை தூக்குகிற வீட்டுக்கு வருஷத்தில் ஒருநாள் மாலையும் பரிவட்டமும் கிடைத்தது. அந்த ஒருநாளை உங்கப்பா மற்ற நாளெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பார். மண்டியில் யாராவது ஏளனமாகப் பேசினால் வீட்டுக்கு வந்து, "ஆடி வருட்டும், அந்த ஆளும் கையெடுத்துக் கும்பிட்டுட்டு நிப்பான்" என்பார். எனக்குச் சிரிப்பாக இருக்கும். அவருக்கு அது சோறு மாதிரி.

நான் அயோத்தியாப்பட்டணம் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். புதுப்பெண் முதல் குடம் தண்ணியைத் தெரு பார்க்கச் சேந்த வேண்டும் என்பது இங்கே வழக்கம். எங்கள் ஊரில் ஏற்றக் கிணறு. ராட்டினத்தில் சேந்தி எனக்குப் பழக்கமில்லை. வாளியை விட்டதும் கயிறு கையைச் சுட்டது, விட்டுவிட்டேன். வாளியும் கயிறும் சேர்ந்து உள்ளே போய்விட்டன. எதிர்வீட்டு ராசாமணி அக்கா அன்றைக்குத்தான் எனக்குப் பழக்கமானாள். "ஏம்புள்ள, உங்கூருல வாளிய வித்துப்போட்டுத்தான் தண்ணி குடிப்பீங்களா?" என்றாள். கிணற்றடியே சிரித்தது. பாதாளக்கரண்டி போட்டு எடுக்க வேண்டியதுதானே? உங்கப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கல்லில் கால் வைத்து விறுவிறு என்று இறங்கிவிட்டார், புதுப் பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டுமே. உள்ளேயிருந்து குரல் வந்தது: "வாளிய எடுத்துட்டேன், வேற ஏதாச்சும் உட்டுட்டியா புள்ள?" ராசாமணி எட்டிப் பார்த்து, "அவ மனச உட்டுட்டாளாமா, தேடிப் பாத்து எடுத்துட்டு வா" என்றாள். அவர் ஈரம் சொட்டச் சொட்ட மேலே வந்து வாளியை என் காலடியில் வைத்தார். அந்தக் கிணற்றுக்குள் இறங்கினவர் திரும்பி வருவார் என்று நான் அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ஒரு தப்பான பாடத்தை இத்தனை சந்தோஷமாக யாரும் கற்றிருக்க மாட்டார்கள்.

அந்தக் கிணறு எப்படி இருந்தது என்று உனக்குக் கொஞ்சம்தான் ஞாபகம் இருக்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் நாலு ராட்டினமும் நிற்காது. கிழக்கு ராட்டினம் தர்மகர்த்தா வீட்டுப் பக்கத்துக்காரர்களோடது. தெற்கு நம்முடையது. முறை தப்பி யாராவது வாளியை விட்டால் அன்றைக்குப் பூராச் சண்டை. யார் வீட்டில் மாமியார் அடித்தது, யாருக்கு நாள் தள்ளிப்போனது, மண்டியில் யாரை வேலையை விட்டு நிறுத்தினது, எல்லாம் கயிறு மேலே வருவதற்குள் தெரிந்துவிடும். ஓயாமல் வாளி போய் வந்து கொண்டிருந்ததால் உள்ளே தண்ணியும் காற்றும் உயிரோடு இருந்தது. அது அப்போது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது. தண்ணி எடுக்கிறோம் என்று மட்டும்தான் நினைத்தோம்.

எமர்ஜென்சி சமயம் முனிசிபாலிட்டிக் குழாய் வந்தது. மேட்டூர்த் தண்ணி. தெரு முனையில் மாவிலை கட்டி, தேங்காய் உடைத்து, குழாய்க்கே பொட்டு வைத்தோம். ராசாமணி முதல் குடத்தைப் பிடித்து இடுப்பில் வைத்துக்கொண்டு, "இனி எங் கையி பூவாட்டம் ஆயிரும், எவளும் கண்ணு வெக்காதீங்க" என்றாள். யாருக்குத்தான் சந்தோஷம் இல்லை? எனக்கும் தோள்பட்டை வலி போயிற்று. உங்கப்பா மட்டும் சொன்னார், "கயித்தத் தூக்கி எறிஞ்சுறாதே புள்ள, என்னைக்காச்சும் வேணும்." நான் எறியவில்லை. வாசலில் துணி காயப்போடுகிற கொடியாகக் கட்டினேன். எல்லா வீட்டிலும் அப்படித்தான். தெரு முழுக்கச் சேந்துகயிற்றில் சேலை தொங்கியது. ராட்டினத்தைக் கழற்றி யாரோ பழைய இரும்புக்காரனுக்குப் போட்டார்கள். குழந்தைகள் விழுந்துவிடும் என்று கிணற்றுக்குக் கம்பிவலை போட்டு மூடினார்கள். அதற்கப்புறம் வருஷத்தில் ஒருநாள் அதைத் திறப்போம், கம்பத்தை விடுவோம், மூடிவிடுவோம். யாரும் குடிக்காத தண்ணியை எதற்குச் சுத்தம் செய்வது என்று தூர் எடுக்கிறதும் நின்றுபோனது. வருஷா வருஷம் ஒரு மரமும், கூடை கூடையாக வேப்பிலையும் பூவும் உள்ளே போய் ஊறிக்கொண்டே இருந்தது.

நாங்கள் அதை விட்டுவிட்டோம். அது மட்டும் எங்களுடையதாகவே இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு உனக்குச் சொல்ல ஒரே ஒரு புத்திமதி இருக்கிறதென்றால் அது இதுதான். தெரிந்த இடம் என்று எதையும் நினைக்காதே. கொஞ்ச நாள் போகாமல் இருந்துவிட்டால் தெரிந்த இடமும் தெரியாத இடம்தான். அதைப் புதிதாகப் பயந்து பயந்துதான் தொட வேண்டும்.

சத்துணவு தொடங்கின வருஷத்துக்கு அடுத்த வருஷம். மழையே இல்லை. ஆனியில் பூச்சாட்டுக்கு நாள் குறித்துவிட்டு வலையைத் திறந்து பார்த்தால், தண்ணி எங்கேயோ கீழே போயிருந்தது. முந்தின வருஷத்துக் கம்பம் சாய்ந்தபடி மூன்று கிளையும் வெளியே தெரிய நின்றது. பழையது நிற்கும்போது அதன் மேல் புதுசை விடக் கூடாது. தர்மகர்த்தா உங்கப்பாவைக் கூப்பிட்டார். அவருக்கு வாயெல்லாம் பல். எத்தனையோ வருஷத்துக்கப்புறம் இறங்குகிற வேலை வந்திருக்கிறது. அடுத்து நடந்தது எல்லாம் நீ பார்த்ததுதான், நான் முதலில் இல்லை. குழாயடியில் குடத்தோடு நின்றேன். ஆனால் நீ இதை யாரிடமும் பேசினதில்லை, அதனால் நான் எழுதுகிறேன். கல்லில் வராதது கடிதத்திலாவது வரட்டும்.

மண்டியில் மூட்டை தூக்குகிற ஒருத்தர், "ஏனுங்க, ஒரு லாந்தரக் கட்டி எறக்கிப் பாத்துட்டு எறங்கலாமுங்களே" என்றாராம். உங்கப்பா, "நம்மூட்டு அண்டாவுக்குள்ள கைய உடறதுக்கு வெளக்கு எதுக்குடா?" என்றாராம். தர்மகர்த்தா, "ஆத்தா கெணத்துல வெளக்கு எறக்கிச் சோதிக்கறதா? நல்லா இருக்குதே" என்றாராம். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு குழாயடி வரைக்கும் எனக்குக் கேட்டது. என்னமோ வேடிக்கை என்று நானும் புன்னகைத்தேன். கற்பூரம் காட்டிவிட்டு அவர் இறங்கினார். அதே படிக்கல்தான். "கம்பம் வழவழன்னு இருக்குது, கயித்தப் போடுங்க" என்று ஒரு குரல். அவ்வளவுதான். அதற்கப்புறம் குரல் இல்லை. சின்னவன் எட்டிப் பார்த்து, "ஏனுங்ப்பா, வெளையாடாதீங்க, மேல வாங்க" என்றான். அவர் அப்படி விளையாடுகிறவர்தானே. பதில் வரவில்லை. கயிறு, கயிறு என்று ஆட்கள் ஓடினார்கள். எந்த வீட்டில் கயிறு இருக்கிறது? கொடியை அறுத்து அறுத்து எடுத்துக்கொண்டு வந்தார்கள், வெயிலில் காய்ந்து காய்ந்து இழுத்தால் பொடிந்தது. துவைத்த துணியெல்லாம் தெருவில் கிடந்தது. அந்தத் துணியை மிதித்துக்கொண்டுதான் நான் ஓடிவந்தேன். மண்டியிலிருந்து லாரிக் கயிறு வருவதற்குள் சின்னவன் இறங்கிவிட்டான். சைக்கிள் கடை எண்ணெய் படிந்த அரைக்கால் சட்டையோடு இறங்கிவிட்டான். நான் வந்தபோது அவன் தலை கூடத் தெரியவில்லை.

அப்புறம் நீ. நீ கைப்பிடிச் சுவரில் ஏறி ஒரு காலை உள்ளே விட்டிருந்தாய். குடத்தைப் போட்டுவிட்டு உன் இன்னொரு காலைக் கட்டிப் பிடித்தேன். "உடும்மா, தம்பி இருக்கறான், உடு" என்று கத்தினாய். நான் விடவில்லை. நீ உதைத்தாய். உன் குதிகால் என் வாயில் பட்டது. முன்பல் அன்றைக்கு ஆடினது பிறகு விழுந்தது. அதை நினைத்து வருத்தப்படாதே, பல் போனால் போகிறது. என் இடுப்பைப் பின்னாலிருந்து யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அது ராசாமணி அக்கா என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வாழ்நாளெல்லாம் என்னைக் குத்திக் குத்திப் பேசினவள் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் இரண்டு பேர் பாரத்தையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து இரண்டு பேரையும் எடுத்துப் போட்டார்கள். அந்த வண்டிக்காரர்களில் ஒருத்தர் என்னிடம் தனியாகச் சொன்னார், உனக்கும் கேட்டிருக்கும். மரமும் இலையும் அழுகிக் கெட்ட காற்று அடியில் தங்கிவிட்டது, கீழே போனவர்களுக்கு நாலு மூச்சுக்கூட இருந்திருக்காது, முதலில் விளக்கை இறக்கியிருந்தால் அது அணைந்து காட்டிக்கொடுத்திருக்கும், இன்னொருத்தர் இறங்கியிருந்தால் இன்னொரு உடல், தினமும் தண்ணி சேந்தியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்றார். நீ அதை நம்பவில்லை. காரியம் முடிந்த அன்றைக்கு இலையில் கை வைக்காமல், "நீ உட்டிருந்தா தம்பி இருந்திருப்பான்" என்றாய். அன்றைக்கு மாலையே திருச்செங்கோட்டுப் பஸ் ஏறினாய். மற்ற தாய்மார்கள் பிள்ளைக்கு எழுதும்போது நான் செய்த தப்பைப் பொறுத்துக்கொள் என்று எழுதுவார்கள். எழுதிப் பார்த்தேன் சாமி, கை வரவில்லை. நான் தப்புச் செய்யவில்லை. அன்றைக்குப் பிடித்தது தப்பு என்று நீ சாகும்வரைக்கும் சொன்னாலும், அதைச் சொல்ல நீ இருக்கிறாய் அல்லவா, எனக்கு அது போதும்.

போதும் என்று எழுதிவிட்டேன். போதவில்லை. ஒன்றும் ஆறவில்லை. நாளானால் சரியாகும் என்று சொன்னவர்கள் எல்லாரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன். கம்பத்தை இப்போது வேறு தெருக் குளத்தில் விடுகிறார்கள், மாலை வேறு வீட்டுக்குப் போகிறது. கிணற்றடியைத் தாண்டித்தான் கடைக்குப் போக வேண்டும், தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

போன தடவை நீ வந்தபோது ஒன்று பார்த்தேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். வலை வழியாக ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். மறுபடி ஒன்று போட்டாய். அந்தத் தடவை உன்னோடு வந்த வண்டி டிரைவர் என்னிடம் சோறு வாங்கித் தின்றுகொண்டே சொன்னார், "உங்க பையன் நல்ல வேலக்காரருங்கம்மா. ஆனா தண்ணி வந்தாலும் நிறுத்த மாட்டேங்கறாருங்க. இன்னும் ஒரு ராடு எறக்கு, இன்னும் ஒரு ராடு எறக்குங்கறாருங்க. ஆளுங்க கையப் புடிச்சு நிறுத்தறாங்க." அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். ஊர் ஊராகப் போய் நீ எதைத் தேடித் துளை போடுகிறாய் என்று அன்றைக்குத் தெரிந்துவிட்டது. தண்ணி வந்தும் நிறுத்தாதவனுக்குத் தேவை தண்ணி இல்லை. யாரோ தெரியாத ஆந்திரா காட்டிலேயே இப்படி என்றால், அவர்கள் இரண்டு பேரும் கிடந்த இடத்திலேயே அந்த இரும்பு ராடை இறக்கினால் நீ எங்கே நிற்பாய்? அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

உன் யோசனையைத் தர்மகர்த்தாவுக்கும் எழுதியிருக்கிறாய். தெருவே பூரித்துப் போய்விட்டது. மேட்டூரில் தண்ணி இறங்கினதிலிருந்து குழாயில் காற்றுதான் வருகிறது. குடங்கள் வரிசையில் வெயில் காய்கின்றன. தர்மகர்த்தா வீட்டுக்கே வந்து, "அம்மிணி, உம் பையன் தங்கம். போன உசுருக்கு ஒரு ஈடாச்சு" என்றார். "எதுங்க ஈடு? ரெண்டு உசுருக்கு ஒரு கைபம்பா?" என்று கேட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். மறுநாள் ராசாமணி வந்தாள். "அங்க போர் வேண்டாம்னு சொன்னியாமே. நீ ஒருத்தி அழுதா, தெருவே நாக்கு வறண்டு கெடக்கோணுமா? பச்சக் கொழந்தைக்காரி வரிசையில நிக்கறா, பாத்தியா?" என்றாள். பார்த்திருக்கிறேன், எனக்குக் கண் தெரியாதா? டிரைவர் சொன்னதை அவளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்பொ அவன் இன்னமும் செவுத்து மேலதான் நிக்கறான்னு சொல்லு" என்றாள். காப்பி ஆறிப்போனது.

நேற்று இரண்டு பேருமாகத் தர்மகர்த்தாவிடம் போனோம். "ஏனுங்ண்ணா, கெணத்த மூடறதுன்னு முடிவாயிருச்சல்லங்க, இன்னைக்கே மூடீருங்க" என்றேன். "பையன் வந்துறட்டும் அம்மிணி. அவனும் ஒரு கூடை மண்ணு போட வேண்டாமா?" என்றார். "அவன் வாரதுக்குள்ள மூடோணுமுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. ராசாமணிதான், "மூடச் சொல்றாளல்ல, மூடீட்டுப் போங்களே. அன்னைக்கு வெளக்கு வேண்டாம்னீங்க, இன்னைக்கு என்ன ஓசனை?" என்றாள். இத்தனை வருஷத்தில் அதை ஒருத்தர் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆளனுப்பினார். இடித்த மண்டிச் சுவரின் மண்ணும் கல்லும் லாரியில் வந்தது. முதல் கூடை நம் வீட்டோடது என்றார்கள். கூடையை ஒரு பக்கம் நான் பிடித்தேன், இன்னொரு பக்கம் ராசாமணி. கொட்டினோம். கொஞ்சம் பொறுத்துத்தான் கீழே தண்ணியில் விழுந்த சத்தம் வந்தது. அடுத்தடுத்துக் கொட்டக் கொட்டச் சத்தம் கிட்ட கிட்ட வந்தது. பொழுது சாய்வதற்குள் சத்தம் நின்றுவிட்டது. மண்ணின் மேல் மண் விழுந்தால் கேட்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அங்கே எட்டிப் பார்க்க ஒன்றும் இருக்காது. கல் போட்டால் காலடியிலேயே கிடக்கும். உன்னைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய்.

தெருவுக்குத் தண்ணி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. குழாய் முனையில் போடு. அங்கே யாரும் சாகவில்லை. பேர் எதுவும் வேண்டாம். பேர் வெட்டின கல்லுக்கு முன்னால் குடத்தை வைத்துக்கொண்டு பெண்டுகள் சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள், அதுதான் நியாயம். அந்த நியாயத்தை அவர்கள் பேருக்கு முன்னால் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அப்படியும் கல் நட்டே ஆக வேண்டும் என்றால் மூன்று வரி தருகிறேன். இங்கே ஒரு கிணறு இருந்தது. நாங்கள் அதில் தண்ணி சேந்தினோம். பிறகு சேந்துவதை விட்டுவிட்டோம். இவ்வளவுதான் நம் தெருவின் சரித்திரம். இதற்கு மேல் சொல்வதெல்லாம் மாலைக்கும் பரிவட்டத்துக்கும் சொல்வது.

நீ வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. கிணற்றை மூடினதற்குக் கோபித்துக்கொண்டு வண்டியை நேராகத் திருச்செங்கோட்டுக்கே விட்டுவிடுவாய், இன்னும் சில வருஷம் பேச மாட்டாய். அதையும் எண்ணித்தான் கூடையைத் தூக்கினேன். ஒருவேளை வந்தால் பகலில் வா. குழாய் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் வீட்டுக்கு வந்து சாப்பிடு. ராடு இறங்குகிறபோது நான் பக்கத்தில்தான் நிற்பேன். தண்ணி வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒன்று என்று நீ சொன்னால், இத்தனை ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பார்க்க மாட்டேன், எனக்கு வயசாகிவிட்டது என்றும் பார்க்க மாட்டேன். மறுபடியும் உன் காலைத்தான் பிடிப்பேன்.

அம்மா